ஆச்சியின் குரல்: மனோரமா எப்படி இத்தனை காலம் நின்றார்?

(திரையில்: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். பின்னணியில் ஒற்றை நாதஸ்வரம்.)

வணக்கம். 1,000 படங்களுக்கு மேல் நடித்தவர், கின்னஸில் இடம்பெற்றவர், பத்மஸ்ரீ வாங்கியவர். மனோரமா என்றதும் இதைத்தான் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இந்த வீடியோவில் அவருடைய குரலைப் பற்றிப் பேசப்போகிறேன். அவர் இவ்வளவு காலம் நின்றதே அந்தக் குரலால்தான் என்பது என் எண்ணம்.

மன்னார்குடியில் 1937-இல் பிறந்த கோபிசாந்தா, அம்மாவோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் கஷ்டம். சின்ன வயதிலேயே நாடக மேடை. மனோரமா என்ற பெயரும் மேடை கொடுத்ததுதான். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும், பாட்டும் வர வேண்டும். அவருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அப்புறம் மறுபடி காமெடிக்கே வந்துவிட்டார். நல்லவேளை வந்தார்!

(திரையில்: 'தில்லானா மோகனாம்பாள்', 1968)

ஜில் ஜில் ரமாமணியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நாடகக்காரி வேடம், அவர் வாழ்ந்து பார்த்த வாழ்க்கை. எதிரே சிவாஜி, பெரிய நாதஸ்வர வித்வான். அவரிடம் போய், உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று வெள்ளந்தியாகக் கேட்பார். வசனத்தில் இருப்பது வெறும் கேள்விதான். அதில் குழைவு, ஆசை, வியப்பு எல்லாவற்றையும் ஏற்றுவது அந்தக் குரல். நாம் சிரிப்போம், ஆனால் ரமாமணியை மட்டமாக நினைக்கத் தோன்றாது.

அதே 1968-இல் 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று சென்னைத் தமிழில் பாடினார். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர் என்று அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது.

(திரையில்: 'சம்சாரம் அது மின்சாரம்', 1986)

விசு இயக்கிய இந்தப் படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாத சண்டைக்குள் இவர் இறங்குவார். குறுக்கே பேச வந்தால் 'கம்முனு கெட'. அவ்வளவுதான், அடங்கிவிடுவார்கள். 'கம்முனு' என்பதை மேலே தூக்கி, 'கெட'வைப் பட்டென்று கீழே போடுவார். வீட்டில் யாராவது அதைச் சொல்லிப் பார்த்தால் இன்றும் அவர் இழுவையில்தான் சொல்வார்கள்.

அழுகைக்கும் இதே குரல்தான். 'புதிய பாதை' அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. 'சின்னத்தம்பி' அம்மா அழுதபோது தியேட்டரே அழுதது. சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். அழுகைக் காட்சியிலும் அந்த நிதானம் கூடவே வந்தது.

பிற்பாடு சின்னத்திரைத் தொடர்களிலும் நடித்தார். சினிமாவில் சில நிமிடம் வந்துபோன ஆச்சி, அங்கே வீட்டுக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்தார். 2015 அக்டோபர் 10 அன்று காலமானார்.

(திரையில்: 'மே மாதம்', 1994)

கடைசியாக ஒரு பாட்டு. ஏ.ஆர்.ரஹ்மான் இசை. இளவட்டக் குரல்களுக்கு நடுவே 57 வயது மனோரமா பாடுகிறார். 'வா வாத்தியாரே' வந்து 26 வருஷம் ஆகியிருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

(பாடல்: 'மெட்ராஸ சுத்திப் பாக்கப் போறேன்')