தோல்வியை ஒப்புக்கொள்ளச் சொல்லும் குரல்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் முடியும் தேர்தல்களில், எண்ணிக்கை முற்றுப்பெறும் முன்பே ஒரு வேட்பாளரைப் பார்த்து, "தோற்றுவிட்டீர்கள், ஒப்புக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்" என்று எதிர்க்கட்சியினர் நெருக்குவதும், சில வேளைகளில் சொந்தக் கட்சிக்காரர்களே முணுமுணுப்பதும் உண்டு. அமெரிக்கத் தேர்தல்களை நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், அந்த நெருக்குதலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

நம் ஊரில் வாக்கு எண்ணும் நாள் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறும். தேர்தல் நடத்தும் அதிகாரி வெற்றிச் சான்றிதழைக் கையில் கொடுக்கும்வரை எதுவும் முடிவில்லை என்பது மேசையருகே உட்கார்ந்திருக்கும் கடைசி முகவருக்கும் தெரியும். தோற்றவர் தொலைபேசியில் வாழ்த்தினாரா என்று இங்கே யாரும் காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் அப்படியில்லை. நாடு முழுவதற்கும் முடிவை அறிவிக்கும் தேர்தல் ஆணையம் அங்கே கிடையாது. ஒவ்வொரு மாநிலமும், அதற்குள் நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியின் நிர்வாகமும் தனித்தனியே எண்ணுகின்றன. முறையான சான்றளிப்புக்கு வாரக்கணக்கில் ஆகிறது. அந்த இடைவெளியைத் தொலைக்காட்சி நிறுவனங்களின் கணிப்பும், தோற்றவர் வென்றவரை வாழ்த்தும் வழக்கமும் நிரப்பிக்கொள்கின்றன. 1896 அதிபர் தேர்தலில் தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தம்மை வென்ற மெக்கின்லிக்குத் தந்தியில் அனுப்பிய வாழ்த்திலிருந்துதான் அந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

அழகான வழக்கம்தான். ஆனால் அதற்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதை நான் திரும்பவும் சொல்வேன், பொறுத்தருள வேண்டும். 1960 அதிபர் தேர்தலில் தோற்ற நிக்சன், தேர்தலுக்கு மறுநாளே கென்னடிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பிவிட்டார். அதன் பிறகும் ஹவாய் மாநிலத்தில் மறு எண்ணிக்கை நடந்தது. முதலில் 141 வாக்குகளில் நிக்சன் வென்றதாகச் சான்றளிக்கப்பட்டிருந்த அந்த மாநிலம், மறு எண்ணிக்கையின் முடிவில் 115 வாக்குகளில் கென்னடிக்குச் சென்றது. நாட்டு நலனுக்காக நிக்சன் பெருந்தன்மையோடு ஒதுங்கினார் என்று பிற்காலத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அவர் ஒதுங்கியிருந்த அதே வாரங்களில் அவருடைய கட்சி பல மாநிலங்களில் மறு எண்ணிக்கை கேட்டு அலைந்துகொண்டிருந்ததை அப்படிச் சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். 2008 நவம்பர் 4 அன்று, பராக் ஒபாமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாளில், வடக்கே மினசோட்டா மாநிலத்தில், நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஓர் இடத்துக்கும் வாக்குப்பதிவு நடந்தது. பதவியிலிருந்த குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன் ஒருபுறம். நகைச்சுவை நடிகராகப் பெயர்பெற்று அரசியலுக்கு வந்த ஜனநாயகக் கட்சியின் ஆல் பிராங்கன் மறுபுறம். பதிவான வாக்குகள் சுமார் 29 லட்சம். மூன்றாவதாக நின்ற ஒருவர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தை எடுத்துக்கொண்டதால், இந்த இருவருக்கும் ஆளுக்குச் சுமார் 42 விழுக்காடு. மறுநாள் காலையில் கோல்மன் எழுநூற்றுச் சொச்சம் வாக்குகள் முன்னிலையில் இருந்தார்.

வித்தியாசம் அரை விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் யாரும் கேட்காமலே கையால் மறு எண்ணிக்கை நடக்கும் என்று அந்த மாநிலத்தின் சட்டம் அப்போது சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் கோல்மன் செய்தியாளர்களை அழைத்து, தாம் வென்றுவிட்டதாக அறிவித்தார். பிராங்கனின் இடத்தில் தாம் இருந்தால் விலகிக்கொள்வார் என்றும், மக்களின் மனக்காயம் ஆறுவது முக்கியம் என்றும், மறு எண்ணிக்கையால் மக்கள் பணம் வீணாகும் என்றும் சொன்னார். தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநில அரசு அதிகாரியான மாநிலச் செயலர் மார்க் ரிட்சி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வாக்குச்சீட்டை மறுபடி எண்ண ஏறக்குறைய மூன்று சென்ட் ஆகும். பாகப்பிரிவினையில் பெரிய பங்கைக் கையில் வாங்கிக்கொண்டவர்தான் "இனிமேல் சண்டை வேண்டாம், குடும்ப ஒற்றுமைதான் பெரிது" என்று முதலில் பேசுவார் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

பிராங்கன் விலகவில்லை. கவுண்டிகள் தத்தம் கணக்கைச் சரிபார்த்து அனுப்பியபோதே வித்தியாசம் 215 ஆகக் குறைந்தது. நவம்பர் 19 முதல் இரு தரப்பு முகவர்களும் இருபுறமும் அமர்ந்து பார்க்க, ஒவ்வொரு சீட்டும் கையில் எடுக்கப்பட்டது. வாக்குச்சீட்டில் முத்திரை குத்திய காலத்தை நினைவில் வைத்திருக்கும் நேயர்களுக்கு, இரண்டு சின்னங்களுக்கும் நடுவிலிருக்கும் கோட்டின்மேல் விழுந்த முத்திரையை வைத்துக்கொண்டு முகவர்கள் வாதாடியது ஞாபகம் இருக்கும். அங்கே முத்திரைக்குப் பதிலாக, பெயருக்கு அருகிலுள்ள சிறு முட்டை வடிவக் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். சிலர் நிரப்பாமல் பெயரைச் சுற்றி வட்டமிட்டிருந்தார்கள். சிலர் நிரப்பிவிட்டு அதன்மேல் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பட்டியலில் இல்லாத ஒருவர் பெயரை வாக்காளரே எழுதிச் சேர்க்கவும் அங்கே இடமுண்டு. ஒருவர் பிராங்கனின் கட்டத்தை நிரப்பிவிட்டு, எழுதிச் சேர்க்கும் இடத்தில் "பல்லி மனிதர்கள்" என்று எழுதியிருந்தார். இது பிராங்கனுக்கு விழுந்த வாக்கா, இருவருக்கும் போட்ட செல்லாத வாக்கா? பல்லி மனிதர் என்று ஒருவர் இருக்க முடியுமா, அது உண்மையான பெயரா என்று மாநிலத்தின் மூத்த நீதிபதிகள் முகத்தைச் சுளிக்காமல் விவாதித்தார்கள். முடிவில் அந்தச் சீட்டு பிராங்கனுக்குச் சேரவில்லை.

இதைச் சிரிப்பதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. அந்த விவாதம் முழுவதும் மக்கள் முன்னிலையில் நடந்தது. இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. ஆட்சேபிக்கப்பட்ட சீட்டுகளின் படங்களைச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டு, "நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று வாசகர்களிடம் விட்டன. தீர்மானித்த குழுவில் ஐவர் இருந்தார்கள். மாநிலச் செயலர் ஜனநாயகக் கட்சிக்காரர்; மற்ற நால்வரும் நீதிபதிகள்; அவர்களில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் குடியரசுக் கட்சி ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். பெரும்பாலான சீட்டுகளில் ஐவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். வெளியே கட்சிகள் போட்ட கூச்சலுக்கும் உள்ளே அந்த மேசையில் நடந்ததற்கும் இருந்த தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டிருந்த தபால் வாக்குகளில் 933 உறைகள் ஜனவரி 3 அன்று திறந்து எண்ணப்பட்டன. மினியாபொலிஸ் நகரின் ஒரு வாக்குச்சாவடியில் 133 சீட்டுகள் கொண்ட ஓர் உறை காணாமலே போயிற்று; அந்தச் சாவடிக்கு மட்டும் தேர்தல் இரவில் இயந்திரம் காட்டிய எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். தவறே நேராத தேர்தல் என்று ஒன்று கிடையாது. வித்தியாசம் லட்சக்கணக்கில் இருக்கும்போது அந்தத் தவறுகள் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான். 2009 ஜனவரி 5 அன்று சான்றளிக்கப்பட்ட முடிவு: பிராங்கன் 225 வாக்குகள் முன்னிலை.

இனிமேல்தான் கதையின் சுவை. மனக்காயம் ஆற வேண்டும் என்று நவம்பரில் சொன்ன கோல்மன் ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்திக் கடைசிவரை போராட வேண்டும் என்று நவம்பரில் பேசிய ஜனநாயகக் கட்சியினர், இப்போது "ஒப்புக்கொண்டு போய்விடுங்கள், இருவர் இருக்க வேண்டிய மாநிலத்துக்கு ஒரே ஒரு செனட்டர்தான் இருக்கிறார்" என்று நெருக்கத் தொடங்கினார்கள். கோல்மன் விலகும்வரை நாளொன்றுக்கு ஒரு டாலர் நன்கொடை என்று ஓர் இயக்கமே நடந்தது. மறுபக்கம், வழக்கு முடியுமுன் பிராங்கனை அவையில் அமர்த்த முயன்றால் மூன்றாம் உலகப் போரே மூளும் என்று குடியரசுக் கட்சியின் செனட்டர் ஜான் கார்னின் எச்சரித்தார். இரு கட்சிகளும் அதே வசனத்தைத்தான் பேசின. பேசும் வாய் மட்டும் மாறியது.

ஏன் இத்தனை வேகம் என்று கேட்பீர்கள். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக அறுபது பேர் தேவை. ஏப்ரல் மாத இறுதியில் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் கட்சி மாறிய பிறகு, பிராங்கன் வந்தால் ஜனநாயகக் கட்சிக்கு அந்த அறுபது கிடைத்துவிடும். கோல்மன் வழக்கை இழுக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய கட்சிக்கு லாபம். அவர் எவ்வளவு சீக்கிரம் விலகுகிறாரோ அவ்வளவு எதிர்க்கட்சிக்கு லாபம். நெருக்குபவர்களுக்கு மனக்காயமும் தெரியாது, மூன்று சென்ட்டும் தெரியாது. அறுபது என்ற எண்தான் தெரியும். அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செனட்டில் அறுபதுக்கு முப்பத்தொன்பது என்ற வாக்குகளில் நிறைவேறியது.

கோல்மனையும் நான் முழுவதாகக் குறைசொல்ல மாட்டேன். சான்றளிப்புக்குப் பிறகு வழக்கிட அவருக்கு உரிமை உண்டு. மேல்முறையீடு முடியும்வரை வெற்றிச் சான்றிதழ் தர முடியாது என்பது அந்த மாநிலச் சட்டம். மூன்று நீதிபதிகள் அமர்ந்து வாரக்கணக்கில் விசாரித்தார்கள்; மேலும் சில தபால் வாக்குகள் திறக்கப்பட்டு பிராங்கனின் முன்னிலை 312 ஆக உயர்ந்தது. ஜூன் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அன்றே கோல்மன் தோல்வியை ஏற்றுக்கொண்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று தூண்டியவர்கள் அவருடைய கட்சியில் இருந்தார்கள், அவர் போகவில்லை. நவம்பரில் அவர் பேசியதற்கு நான் தரும் மதிப்பெண் மிகக் குறைவு. ஜூன் 30-க்கு முழு மதிப்பெண் தருவேன்.

இந்தக் கதையிலேயே நான் அதிக நேரம் நின்றுவிட்டேன். எல்லோரும் எதிர்பார்த்திருக்கும், 2000 அதிபர் தேர்தலைத் தீர்மானித்த புளோரிடாவைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். 2000 நவம்பர் 7 இரவு, புஷ் வென்றதாகத் தொலைக்காட்சிகள் அறிவித்ததை நம்பி ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆல் கோர் அவரை அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆதரவாளர்கள் முன் பேசுவதற்காக நாஷ்வில்லில் காரில் போய்க்கொண்டிருந்தபோது வித்தியாசம் கரைந்துகொண்டிருப்பதை அறிந்து, மறுபடி அழைத்து அதைத் திரும்பப் பெற்றார். வாழ்த்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று முன்பே சொன்னேன். அதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒரு தொலைபேசி அழைப்பு, அடுத்த ஐந்து வாரங்களுக்கு அவரைத் தோற்றும் அடங்காதவராகக் காட்டப் போதுமானதாக இருந்தது. சுமார் 60 லட்சம் வாக்குகளில் முதலில் 1,784, பிறகு 537 என்று வித்தியாசம் நின்றது. அந்த 537-ஐச் சான்றளித்த மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் புஷ்ஷின் தேர்தல் பிரசாரக் குழுவின் இணைத் தலைவராகவும் இருந்தார். மியாமி-டேட் கவுண்டியில் எண்ணும் அறைக்கு வெளியே புஷ்ஷின் கட்சிக்காரர்கள் திரண்டு கூச்சலிட்ட நாளில் அங்கே எண்ணிக்கை நின்றது. அது மறுபடி தொடரவில்லை. மினசோட்டாவில் எண்ணுபவர்களின் மேசையைக் கூச்சல் எட்டவில்லை, மியாமியில் எட்டியது. டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மறுநாள் கோர், தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்று சொல்லியே அதை ஏற்றுக்கொண்டார்.

ஆகவே, யாராவது ஒரு வேட்பாளரை விலகச் சொல்லும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எண்ணுவதற்கோ, சரிபார்ப்பதற்கோ, வழக்கிடுவதற்கோ சட்டம் வகுத்த படி ஏதேனும் மீதியிருக்கிறதா? இருந்தால், விலகச் சொல்பவர் எண்ணிக்கைக்கு அஞ்சுகிறார். இல்லையென்றால், விலக மறுப்பவர் அஞ்சுகிறார்.

2020-ஐப் பற்றி விரிவாகப் பேசத் திட்டமிட்டிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் வாக்குகள் மூன்று முறை எண்ணப்பட்டன, அதில் ஒரு முறை முழுவதும் கையால். மூன்று முறையும் பைடன்தான் வென்றார். டிரம்ப் தரப்பு தொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே தோற்றன. டிசம்பர் 14 அன்று, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் வாக்களித்தார்கள். மறுநாள் செனட்டில் டிரம்ப்பின் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் பைடனுக்கு வாழ்த்துத் தெரிவித்தார். சட்டத்தின் படிகள் தீர்ந்துபோயிருந்தன. அதன் பிறகும் ஜனவரி 2 அன்று டிரம்ப் ஜார்ஜியாவின் மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னார். வித்தியாசம் 11,779. ராஃபென்ஸ்பெர்கர் டிரம்ப்பின் கட்சிக்காரர், டிரம்ப்புக்கே வாக்களித்தவர். உங்கள் தகவல் தவறு என்று அந்த அழைப்பிலேயே அவரிடம் சொன்னார். வணக்கம்.