158 பேர், மூன்று பச்சை, ஒரு பிரதமருக்கு 70 நாள்

வணக்கம். பின்னால் சுவர் மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு வருகிறேன், பொறுங்கள். முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

ஒரு துண்டு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் எனக்கே அனுப்பி, "அண்ணா, இது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2017-ல் அயர்லாந்து மக்கள் வாக்களித்து லியோ வரத்கரைப் பிரதமராக்கினார்கள் என்று அதில் ஒருவர் முழங்குகிறார். பின்னணியில் வயலின் வேறு. மக்கள் எங்கே வாக்களித்தார்கள்? 2017-ல் இங்கே பொதுத் தேர்தலே நடக்கவில்லை. மக்கள் வாக்களித்தது 2016 பிப்ரவரி 26. அதற்குப் பிறகு 2020 பிப்ரவரி வரை நாடு முழுவதும் ஆட்சிக்காக யாரும் வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை. ஒரே டாயில், ஒரே பொதுத் தேர்தல், இரண்டு பிரதமர்கள். வயலினை நிறுத்திவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம்.

டாயில் என்பது அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை. பழைய ஆட்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தச் சுவரில் இருப்பது 32-ஆவது டாயில். 158 உறுப்பினர்கள், 158 சீட்டுகள். கட்சிக்கு ஒரு நிறம். ஃபின கேல் நீலம், 50. லேபர் சிவப்பு, 7. சோஷியல் டெமாக்ரட்ஸ் ஊதா, 3. இதுவரை சிக்கலே இல்லை.

சிக்கல் பச்சையில்தான். ஃபியானா ஃபாயில், 44 பேர், பச்சை. ஷின் ஃபேன், 23 பேர், அதுவும் பச்சை. அதற்கு மேல் பசுமைக் கட்சி என்று ஒன்று, 2 பேர். அவர்களுக்கு வேறு என்ன நிறம் கொடுப்பது? மொத்தம் 69 பேர் பச்சை. நாட்டின் பாதி அரசியல் ஒரே நிறத்துக்காகச் சண்டை போடுகிறது. நான் போன கடையில் வண்ணத்தாள் கலவைப் பொட்டலத்தில் ஒரே ஒரு பச்சைதான். அதை ஃபியானா ஃபாயிலுக்குக் கொடுத்தேன். ஷின் ஃபேனுக்கு ஒரு பழைய கோப்பு அட்டை கரும்பச்சையில் கிடைத்தது, வெட்டிவிட்டேன். இளம்பச்சைக்கு மட்டும் தனிப் பொட்டலம் வாங்க வேண்டியதாயிற்று. 4 யூரோ 75 சென்ட்! எதற்கு? இரண்டு சீட்டுக்கு. ஈமன் ரயன், கேத்ரின் மார்ட்டின். ஆளுக்கு 2 யூரோ 37 சென்ட் சொச்சம். கடைக்காரரிடம் இரண்டு தாள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த இருவரும் இந்தச் சுவரிலேயே விலை உயர்ந்த உறுப்பினர்கள். 2011-ல் அவர்கள் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை என்பதால் மன்னித்துவிட்டேன்.

சரி, அவைக்கு வருவோம். 2011-ல் 76 இடம் பிடித்த ஃபின கேல் 50-க்கு இறங்கியது. அதனுடன் கூட்டணியில் இருந்த லேபர் 37-லிருந்து 7. சிக்கன நடவடிக்கைகளுக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் மக்கள் கொடுத்த பதில் அது. ஃபியானா ஃபாயில் 20-லிருந்து 44-க்கு ஏறியது. ஆனால் யாரிடமும் பெரும்பான்மை இல்லை. இந்த இரண்டு பெரிய கட்சிகளையும் கூட்டினால் 94 வருகிறது, தாராளமாக ஆளலாம். ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்து எதிரிகள் ஒரே அமைச்சரவையில் உட்கார்வதா? மாட்டோம் என்றார்கள்.

மார்ச் 10-ஆம் தேதி அவை கூடியது. முதல் வேலை அவைத்தலைவர் தேர்வு. ஃபியானா ஃபாயிலின் ஷான் ஓ ஃபெரீல், முதல் முறையாக ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பெல்லாம் ஆளும் தரப்பு யாரைச் சொல்கிறதோ அவர்தான். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆ, இதைச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது, சீட்டுகளை எண்ணிப் பார்ப்பவர்களுக்காக: அந்தத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தது 157 பேரைத்தான். பதவி முடிந்து மீண்டும் நிற்கும் அவைத்தலைவர் போட்டியின்றித் தானாகவே உறுப்பினராகிவிடுவார் என்பது இங்கே விதி. டன் லேரியின் ஷான் பாரெட் அப்படி உள்ளே வந்தவர். அந்த 50-ல் அவரும் ஒருவர்.

அவைத்தலைவர் கிடைத்தார், பிரதமர் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஃபின கேல் தலைவர் எண்டா கென்னிக்கு ஆதரவு 57, எதிர்ப்பு 94. ஃபியானா ஃபாயிலின் மீஹால் மார்ட்டின், ஷின் ஃபேனின் ஜெரி ஆடம்ஸ், இடதுசாரி ரிச்சர்ட் பாய்ட் பாரெட் எல்லோரையும் முன்மொழிந்து எல்லோரையும் தோற்கடித்தார்கள். ஏப்ரல் 6, தோல்வி. ஏப்ரல் 14, தோல்வி. மே 6-ஆம் தேதிதான் கென்னி தேறினார், 59-க்கு 49. தேர்தல் முடிந்து 70 நாள்.

இந்த 59-ஐப் பாருங்கள். 158 பேர் அவையில் 59! ஃபின கேலின் 50 பேர், சுயேச்சைகள் 9 பேர், அவ்வளவுதான். மற்றபடி ஆட்சியைத் தாங்கிப் பிடித்தது யார்? ஃபியானா ஃபாயில். எப்படி? வாக்களிக்காமல். நம்பிக்கைத் தீர்மானங்களில் விலகி நிற்போம், மூன்று பட்ஜெட்டுகளைக் கவிழ்க்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அமைச்சர் பதவி வேண்டாம், எதிர்வரிசை நாற்காலியும் வேண்டும், ஆட்சியின் கடிவாளமும் வேண்டும். மாமியார் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை, ஆனால் மாதச் சாமான் பட்டியல் மட்டும் போய்க்கொண்டிருக்கும் என்கிற மாதிரி உறவு. இதை அரசியல் முதிர்ச்சி என்று பாராட்டியவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிகூட மரியாதை இல்லை. ஆள்வதென்றால் ஆளுங்கள், எதிர்ப்பதென்றால் எதிருங்கள்.

அந்த ஒன்பது சுயேச்சைகள் தனிக் கதை. ஷேன் ராஸ் போக்குவரத்து அமைச்சர், கேத்ரின் சப்போன் குழந்தைகள் நலம், டெனிஸ் நாட்டன் தகவல் தொடர்பு. இதில் எனக்குப் பிடித்தது ஷான் கேனியும் கெவின் மோரனும்தான். மோரனை எல்லோரும் பாக்ஸர் என்றே கூப்பிடுவார்கள். வெள்ளத் தடுப்பைக் கவனிக்கும் இணையமைச்சர் பதவி ஒன்று, ஆசை இருவருக்கும். என்ன செய்தார்கள்? காசு சுண்டினார்கள்! கேனி ஜெயித்து முதல் ஆண்டு இருந்தார், அடுத்த ஆண்டு மோரனிடம் ஒப்படைத்தார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாற்காலிக்கு நடக்கும் மற்ற கூத்துகளைப் பார்க்கும்போது காசு சுண்டுவது எவ்வளவோ கண்ணியம்.

இப்போது தலைமை. லேபரில் ஜோன் பர்ட்டன் விலகினார். ஆலன் கெல்லி தலைவர் பதவிக்கு நிற்க விரும்பினார். ஏழே பேர் கொண்ட கீழவைக் குழு, அவரை வழிமொழிய ஒருவர் கிடைக்கவில்லை. பிரெண்டன் ஹௌலின் போட்டியின்றித் தலைவரானார். இதற்கு நேர் எதிர் சோஷியல் டெமாக்ரட்ஸ். உறுப்பினர்கள் மூவர், தலைவர்களும் அதே மூவர். கேத்ரின் மர்ஃபி, ரோஷீன் ஷார்ட்டால், ஸ்டீஃபன் டொனெல்லி. தொண்டர் என்று அவையில் ஒருவர்கூட இல்லாத கட்சி. பிறகு 2016 செப்டம்பரில் டொனெல்லி வெளியேறி, 2017 தொடக்கத்தில் ஃபியானா ஃபாயிலுக்குப் போனார். அவருக்காக ஊதாச் சீட்டைக் கிழித்துப் பச்சையில் எழுதினேன், அதோ, அந்த ஓரத்தில்.

ஷின் ஃபேனில் ஜெரி ஆடம்ஸ் 2018 பிப்ரவரியில் இறங்க, மேரி லூ மெக்டொனால்ட் ஏறினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தலைவரைப் பார்த்த கட்சிக்கு அது பெரிய விஷயம். பெண்கள் என்று சொன்னதும் ஒன்று: இந்த அவையில் தேர்தலில் வென்று வந்த பெண்கள் 35 பேர். வேட்பாளர்களில் 30 சதவீதமாவது பெண்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்சிக்கு அரசு நிதி பாதியாகும் என்ற விதி முதலில் அமலுக்கு வந்த பொதுத் தேர்தல் அது. பணத்தில் கை வைத்தவுடன் கட்சிகளுக்குத் தகுதியான பெண்கள் திடீரென்று கண்ணில் பட்டார்கள்.

வரத்கருக்கு வருகிறேன், வயலின்காரர் கேட்டுக்கொள்ளட்டும். கென்னி 2017 மே மாதம் விலகுவதாக அறிவித்தார். ஃபின கேல் தலைவர் பதவிக்கு லியோ வரத்கரும் சைமன் கோவ்னியும் மோதினார்கள். அந்தக் கட்சியில் நாடாளுமன்றக் குழுவின் வாக்குக்கு 65 சதவீத மதிப்பு, சாதாரண உறுப்பினர்களுக்கு 25, கவுன்சிலர்களுக்கு 10. சாதாரண உறுப்பினர்களில் கோவ்னிக்கு 65 சதவீதம், வரத்கருக்கு 35. அதாவது கட்சியின் அடிமட்டம் பெரும்பான்மையாகக் கோவ்னி பக்கம்! நாடாளுமன்றக் குழுவில் வரத்கருக்கு 51, கோவ்னிக்கு 22. அங்கேதான் விஷயம் முடிந்தது. மக்கள் வாக்களித்தது இருக்கட்டும், கட்சி உறுப்பினர்களின் வாக்கிலேயே அவர் பின்தங்கியவர். ஜூன் 14-ஆம் தேதி டாயிலில் 57-க்கு 50. விலகி நின்றவர்கள் 45. மறுபடியும் அதே விலகல்! 38 வயது, தந்தை மும்பைக்காரர், அதுவரை வந்தவர்களில் நாட்டின் மிக இளம் பிரதமர். இதெல்லாம் உண்மை. அந்த 45 பேர் எதிர்த்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது என்பதும் உண்மை.

துணைப் பிரதமர் பிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த நவம்பரில் பதவி விலகினார். போலீஸ் அதிகாரி ஒருவர் எழுப்பிய முறைகேட்டுப் புகார்கள் தொடர்பான மின்னஞ்சல் விவகாரம். ஃபியானா ஃபாயில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறேன் என்று விரலை உயர்த்தியதுதான் காரணம். அந்த இடத்துக்குக் கோவ்னி வந்தார். 2018 டிசம்பரில் பிரெக்ஸிட்டைக் காட்டி, ஃபியானா ஃபாயில் விலகி நிற்கும் அந்த ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள்.

இனி நான் காத்துக்கொண்டிருந்த இடம். 2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை. டாயிலில் வாக்களிப்பு பொத்தான் முறை. உங்கள் இருக்கையில் உட்கார்ந்து உங்கள் பொத்தானை அழுத்த வேண்டும். அரசியல் சட்டமே அவையில் இருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மை என்றுதான் சொல்கிறது. ஃபியானா ஃபாயிலின் டிம்மி டூலி அவையைவிட்டு வெளியே போய்விட்டார். அவர் பெயரில் ஆறு வாக்குகள் பதிவாகியிருந்தன! அழுத்தியது பக்கத்தில் இருந்த அதே கட்சியின் நயல் காலின்ஸ். கேமரா எல்லாவற்றையும் பிடித்திருந்தது. டூலி காலின்ஸிடம் ஏதோ பேசுகிறார், கையை நீட்டி இருக்கையைக் காட்டுகிறார், போகிறார். இருவரும் முன்வரிசைப் பொறுப்புகளிலிருந்து இறக்கப்பட்டார்கள், அவைத்தலைவர் விசாரணை அறிக்கை கேட்டார்.

கவனித்தீர்களா? மூன்றரை ஆண்டு உள்ளே உட்கார்ந்துகொண்டு வாக்களிக்காமல் ஆட்சியைக் காப்பாற்றிய கட்சி, கடைசியில் உள்ளே இல்லாத ஆளுக்கு வாக்களித்து மாட்டிக்கொண்டது. ஒரு கதாசிரியன் இப்படி எழுதினால் அடித்துத் திருத்தச் சொல்வேன்.

நவம்பர் 29-ஆம் தேதி நான்கு இடைத்தேர்தல்கள். நான்கு உறுப்பினர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டதால். ஃபின கேலுக்கு ஒன்றும் இல்லை. ஃபியானா ஃபாயிலுக்கு இரண்டு, ஷின் ஃபேனுக்கு ஒன்று, டப்ளின் ஃபிங்கலில் பசுமைக் கட்சியின் ஜோ ஓ'பிரையன். இளம்பச்சைச் சீட்டு மூன்றானது! தலைக்கு 1 யூரோ 58 சென்ட். இதைவிடச் சந்தோஷமான இடைத்தேர்தல் எனக்கு வாய்த்ததில்லை.

டிசம்பர் 3-ஆம் தேதி வீட்டுவசதி அமைச்சர் ஓவன் மர்ஃபி மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 56-க்கு 53 என்று தோற்றது. அரசு பிழைத்தது மூன்றே வாக்கில். சுகாதார அமைச்சர் மீது இன்னொன்று வரப்போகிறது என்றதும் வரத்கர் எண்ணிக்கையைப் பார்த்தார், 2020 ஜனவரி 14-ஆம் தேதி அவையைக் கலைத்தார். பிப்ரவரி 8 தேர்தலில் டூலி கிளேர் தொகுதியில் தோற்றார். அதே ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி ஃபியானா ஃபாயிலும் ஃபின கேலும் பசுமைக் கட்சியும் ஒரே அமைச்சரவை. மீஹால் மார்ட்டின் பிரதமர், 93-க்கு 63. 2016-லேயே இதைச் செய்திருக்கலாம் என்று நான் சொன்னால் ஃபின கேல் ரசிகர்கள் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள்.

கேள்விகளை எழுதுங்கள். ஒற்றை மாற்று வாக்குமுறை பற்றிய முந்தைய வீடியோவில் சொன்ன கெர்ரி தொகுதியின் ஹீலி-ரே சகோதரர்கள், மைக்கேலும் டேனியும், இருவருமே இந்த அவையில் உண்டு, அதோ பக்கத்துப் பக்கத்தில். அவர்களில் தொப்பி போடுபவர் யார் என்று மட்டும் இனி யாரும் கேட்காதீர்கள். இருவரும்தான்.