பண்டிகை வேலை யாருக்கு?

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில், ஆவணி பிறந்த வாரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இனி வீட்டில் பண்டிகைக் காலம். அத்தம் நட்சத்திரத்தில் தொடங்கிப் பத்தாம் நாள் திருவோணம். அதை ஒட்டிப் பிள்ளையார் சதுர்த்தி, அப்புறம் நவராத்திரி, தீபாவளி, திருக்கார்த்திகை. நம் ஊர்ச் சர்ச்சுகள் பலவற்றில் அறுப்பின் பண்டிகையும் இந்த மாதங்களில்தான். கன்னிப்பூப் பருவத்து நெல் அறுத்து வீட்டுக்கு வந்த கையோடு ஐப்பசி மழையும் வந்துவிடும்.

இந்த மழையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தெருவில் போட்ட குப்பை தெருவிலேயே கிடக்கும். ஐப்பசியில் போட்டால் மறுநாள் ஓடையில் இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக் குப்பை பழையாற்றில் இறங்கி மணக்குடிக் காயலுக்குப் போகிறது. நம் பக்கத்துக் குப்பை குழித்துறை ஆற்று வழியாகத் தேங்காப்பட்டணம் கடலுக்கு. வெளிநாட்டுப் பறவைகள் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வந்து இறங்குவதும் இதே நேரத்தில்தான். அந்தக் குளங்களுக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று அதற்குப் பொருள்.

சரி, பண்டிகை வீட்டில் இவ்வளவு குப்பை எங்கிருந்து வந்தது? பேராசை, ஆடம்பரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது பேர் சாப்பிட வருகிறார்கள். தண்ணிக்கு முப்பது டம்ளர், பாயசத்துக்கு முப்பது கிண்ணம். அத்தனையையும் கழுவி அடுக்குவது ஒரே ஒரு ஆள். காலை நாலு மணிக்கு எழுந்து அவியலுக்குக் காய் நறுக்கிய அதே ஆள். அந்த அம்மா ஒருநாள், "போதும், பேப்பர் கப் வாங்கிட்டு வாங்க" என்றார். அவர்மேல் என்ன தப்பு? வேலை ஒருத்தர் தலையில் விழுந்ததால்தான் குப்பை வீட்டுக்குள் வந்தது. அதனால், பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் வேலையைப் பங்கு போடுங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

அந்தப் பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. மண்ணில் போட்டாலும் அது மட்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கப்புக்குத் தடை இருக்கிறது. வாழையிலை மாதிரி பச்சை நிறத்தில் விற்கிறார்களே, சாப்பாட்டு மேசையில் விரிக்கிற தாள், அதற்கும் தடைதான். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்திலும் 2020 ஜனவரியில் தடை கொண்டுவந்தார்கள். மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் நம்முடையது. விளைக்கு விளை வாழை நிற்கிறது. இங்கே பிளாஸ்டிக் இலையில் சோறு போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இலை அறுத்து வருவது அப்பா வேலையாக இருக்கட்டும். துடைத்துப் போடுவது பிள்ளைகள் வேலை. டம்ளர் கழுவ, சாப்பிட்டு எழுந்த ஆண்கள் நாலு பேர் வரிசையாக நின்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாப்பிள்ளையையும் நிறுத்துங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இனி அத்தப்பூ, ஓணத்துக்கு முற்றத்தில் போடும் பூக்கோலம். தோவாளைப் பூச்சந்தையில் பூ வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஓணத்தை நம்பிப் பயிர் போட்ட குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. சாயம் ஏற்றிய உப்பையும் மரத்தூளையும் மட்டும் முற்றத்தில் கொட்டாதீர்கள், மழை வந்தால் அந்தச் சாயம் நேராகக் கிணற்றடிக்குத்தான் போகும். பத்து நாளும் வாங்கிய பூவிலேயே ஓட்டவும் வேண்டாம். முதல் சில நாள் களம் சின்னது, பிள்ளைகள் பறித்து வருவதே போதும். விடியக்காலையில் ஓலைப்பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கூட அப்பாவோ தாத்தாவோ போகட்டும். தும்பை, முக்குற்றி, தெச்சி, செம்பருத்தி, சங்குப்பூ என்று எது எங்கே நிற்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். தும்பை இல்லாமல் அத்தப்பூ இல்லை என்பார்கள் பழைய ஆட்கள். களைக்கொல்லி அடித்த வரப்பில் தும்பையைத் தேடினால் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்று பிள்ளை கேட்கும். அங்கேயே நின்று பதில் சொல்லுங்கள். வாடிய பூ தென்னையடிக்குப் போகட்டும்.

பிள்ளையாருக்குக் குளத்து மண் போதும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதலே சொல்லியாகிவிட்டது. பிள்ளை பிடிக்கும் பிள்ளையாருக்குத் தும்பிக்கை கோணலாக வரும், வரட்டும். வீட்டு வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

நவராத்திரிக் கொலு பெரிய தொந்தரவு இல்லாத பண்டிகை. பொம்மை எல்லாம் பழசு, பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்பதுதான். முன்னால் பூங்கா போட, பிள்ளைகள் சிரட்டையில் மண் நிரப்பிக் கடுகோ வெந்தயமோ விதைக்கட்டும். ஒரு வாரத்துக்குள் பச்சைப் பிடித்துவிடும். சுண்டலுக்கு வருகிறவர்களைக் கிண்ணம் கொண்டுவரச் சொல்ல நமக்குக் கூச்சம். ஒரு வீடு தொடங்கினால் தெருவே பின்னால் வரும். பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மன் யானைமேலும், வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் திருவனந்தபுரம் புறப்படுகிற அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடிக்கிற தண்ணீரை வீட்டுச் சொம்பிலேயே எடுத்துப் போங்கள், கடையில் பாட்டில் வாங்க வேண்டாம்.

தீபாவளிக்கு வெடி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. காலை ஆறிலிருந்து ஏழு, மாலை ஏழிலிருந்து எட்டு என்று அரசு நேரம் வைத்திருக்கிறது, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். குளத்தங்கரையில் மட்டும் வெடிக்க வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். பக்கத்து வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது திருக்கார்த்திகை. அதற்கு வேண்டியது பெரும்பாலும் பனையிலிருந்தே வரும். ஓலைக் கொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தோலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி ஈரத்துணியால் துடைக்க ஒருவர். கருப்பட்டியைத் தட்டிக் காய்ச்சி, மண் போக வடிகட்ட ஒருவர். தேங்காய் துருவ ஒருவர். வறுத்த பச்சரிசி மாவில் வேகவைத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம் சேர்த்துக் கருப்பட்டிப் பாகு விட்டுப் பிசைந்து ஓலை மடிப்புக்குள் நீளமாக அமுக்க வேண்டும். மேலே இன்னொரு ஓலையை வைத்து ஓலை நாரால் கட்டுவது பிள்ளைகள் வேலை. கட்டு தளர்ந்தால் மாவு பிதுங்கும், இறுக்கினால் ஓலை கிழியும். இரண்டு மூன்று வீணானபின் கை தானாகப் படிந்துவிடும். கொப்பரைப் பாத்திரத்தில் அடுக்கி அவித்து, ஆவி அடங்கியதும் பிரித்துப் பாருங்கள். மாவின்மேல் ஓலையின் வரி வரியாகத் தடம் விழுந்திருக்கும். பச்சை ஓலை வாசமும் கருப்பட்டி வாசமும் சேர்ந்து வரும். கடையில் கிடைக்கிற எந்தப் பலகாரத்திலும் அந்த வாசம் இல்லை. ஓலை உரக்குழிக்குப் போய்விடும்.

வெடிக்கு ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு, சுற்றினால் பொறி பறக்கும் மாவளி செய்து கொடுங்கள். ஆண்பனையின் காய்ந்த பூப்பாளையைக் குழியில் போட்டு எரித்து, கனலாக இருக்கும்போதே மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். ஆறியதும் எடுத்தால் கரி. அதை மைபோல் இடித்துக் கொஞ்சம் உப்புச் சேர்த்துப் பருத்தித் துணியில் சுருட்டிக் கட்ட வேண்டும். அந்தச் சுருளைப் பனைமட்டைத் துண்டுகள் மூன்றுக்கு நடுவில் வைத்து இறுக்கி, நீளக் கயிற்றில் கோத்து, தலைப்பில் நெருப்பு வைத்துச் சுற்றினால் தலைக்குமேல் பொன்போல் பொறி பறக்கும். சத்தம் இல்லை. ஆனாலும் நெருப்பு நெருப்புதான். திறந்த இடத்தில், பருத்தித் துணி உடுத்தி, கயிறு உறுதியா என்று பார்த்து, பெரியவர் ஒருவர் சுற்றிக் காட்டியபின் பிள்ளை கையில் கொடுங்கள். வைக்கோல் போர்ப் பக்கம் போகவே வேண்டாம்.

இதற்கு இப்போதே ஏற்பாடு செய்யவேண்டும். கோடையில் பூத்து முடிந்த பாளை இன்னும் பனையடியில் கிடக்கும், மழையில் நனைந்தால் வீண். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பொறுக்கிவந்து அடுக்களைப் பரண்மேல் போட்டுவையுங்கள். கார்த்திகைக்குக் குருத்தோலை வேண்டும் என்று பனையேறும் அண்ணாச்சியிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கேட்கிற விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். அவ்வளவு உயரம் ஏறுகிற ஆட்கள் நம் ஊரில் இனி அதிகம் பேர் இல்லை.