கடையைச் சாத்திய கட்சி

அவையினருக்கு வணக்கம். அரசியல் பேசுகிறவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. அதை மீறியவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஊர், ஐஸ்லாந்தின் தலைநகரம் ரெய்க்யவிக்.

2008 அக்டோபரில் அந்த நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. ஜனங்கள் சட்டி பானையைத் தட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தின் முன் கூடினார்கள். 2009 ஜனவரியில் அரசு விழுந்தது. தலைநகர மாநகராட்சியின் கூத்து தனி. 2006 தேர்தலுக்கும் 2010 தேர்தலுக்கும் நடுவில் நான்கு மேயர்கள்! கூட்டணி உடையும், வேறு கூட்டணி சேரும், நாற்காலி கைமாறும். ஆனால் எல்லோரும் ரொம்ப சீரியஸான ஆட்கள்.

அப்போதுதான் யோன் க்னார் என்ற நகைச்சுவை நடிகர், பாட்டுக்காரச் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு கட்சி தொடங்கினார். பெயர் 'சிறந்த கட்சி'. நீச்சல் குளங்களில் இலவசத் துண்டு தருவோம், மிருகக்காட்சி சாலைக்குப் பனிக்கரடி கொண்டுவருவோம் என்றார்கள். கூடவே, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற மாட்டோம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே கரடி வரவில்லை. வாக்குறுதி விஷயத்தில் இவ்வளவு நாணயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2010 மே மாதத் தேர்தலில் 15 இடங்களில் 6 இவர்களுக்கு. அதுதான் தனிப்பெரும் கட்சி. சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி சேர்ந்து க்னார் மேயரானார். பெண் வேடமிட்டு, தன்பாலின ஈர்ப்பாளர்களின் ஊர்வலத்துக்கும் போனார்.

சரி, வெறும் வேடிக்கைதானா? மாநகராட்சிக்குச் சொந்தமான எரிசக்தி நிறுவனம் கடனில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தது. ரெய்க்யவிக்கில் வீட்டுக்குள் குளிர் தெரியாமல் இருப்பதே அந்த நிறுவனம் அனுப்பும் வெந்நீரால்தான். அந்த வெந்நீருக்குக் கட்டணத்தை ஏற்றினார்கள், ஆட்களையும் குறைத்தார்கள். கெட்ட பெயர்தான் கிடைத்தது. அடுத்த தேர்தலுக்காகக் கட்சியைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்றிருந்தால், அதைத் தொட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். நம் பக்கத்தில், 'தாத்தா காலத்திலிருந்து நாங்கள் இந்தக் கட்சி' என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. இந்தக் கட்சிக்குத் தாத்தாவும் கிடையாது, பேரனும் கிடையாது.

நான்கு வருடமும் ஒரே மேயர். 2014-இல் க்னார் மறுபடி நிற்கவில்லை. கூட இருந்தவர்களில் சிலர் வேறு கட்சிக்குப் போனார்கள். 'சிறந்த கட்சி'யை மூடிவிட்டார்கள். அடுத்த மேயர், கூட்டணிக் கட்சிக்காரரான தாகுர் எக்கர்ட்சன்.

உங்களுக்குத் தெரிந்த கட்சித் தலைவர் யாராவது இருந்தால், 'வேலை முடிந்தது, கடையைச் சாத்தலாமா?' என்று கேட்டுப் பாருங்களேன்.