எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்

நடுவர் அவர்களே, நம் சபைக் குருவான ஐயரவர்களே, சேகரத்துச் சபைப் பெரியவர்களே, கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மெட்ராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஊர் வந்திருக்கிற சொந்தங்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொடுத்தது ஏழு நிமிஷம், அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

நம்மை விசுவாசத்தில் நிறுத்துவது ஊர்க்கூட்டமா, சொந்தத் தீர்மானமா? நான் சொந்தத் தீர்மானம் என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. எதிரணி அண்ணாச்சி போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "தனியா நிக்கணும்னு பேச வந்திருக்க டீச்சர், நாளைக்கு அசன விருந்துல தனியாவா இலை போட்டு உக்காருவாங்க? முதப் பந்திக்கு மொத ஆளா ஓடுறதே அவங்கதான்." கை தட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

ஆமாம் அண்ணாச்சி, ஓடுவேன். ஏன் ஓடுகிறேன் தெரியுமா? போன வருஷம் பெரிய மனுஷி மாதிரி நாலாம் பந்தி வரைக்கும் பொறுத்திருந்தேன். இலையில் கறி விழுந்தது என்று ஆசையாக எடுத்துக் கடித்தால் கத்திரிக்காய்க் காம்பு! சரி, விஷயத்துக்கு வருகிறேன். அசனத்துக்குக் கூட்டம் வேண்டும், யார் இல்லை என்றார்கள்? அரிசி ஒரு வீடு, ஆடு ஒரு வீடு, விறகு ஒரு வீடு. ஆனால் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு மெல்லுவது அவரவர் வாய்தானே? பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டதற்கு நான் ஏப்பம் விட முடியுமா? "எங்க தாத்தா சாப்பிட்டாரு, எங்க அப்பா சாப்பிட்டாரு, அதனால எனக்குப் பசி இல்ல" என்று எழுந்து போவீர்களா? கறிச்சோற்றுக்கு இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், விசுவாசம் என்று வந்தால் மட்டும் "நாங்க நாலு தலைமுறை" என்கிறோம்.

கூட்டத்தோடு போனால் என்ன ஆகும் என்று நான் பட்டது ஒன்று இருக்கிறது. வருஷப் பிறப்பு ஆராதனை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்து, வாக்குத்தத்த அட்டை எல்லாம் வாங்கி வெளியே வரும்போது மணி ஒன்றரை. செருப்பை வாசலில்தானே கழற்றிப் போடுகிறோம்? குவியலாகக் கிடக்கிறது. சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. முதலில் வந்த ஒருவர் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு நடந்தார். அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரர் தடவிப் பார்த்தார், காணோம். சரி என்று பக்கத்தில் கிடந்ததை மாட்டினார். அப்புறம் யாருமே தேடவில்லை. மாட்டினார்கள், நடந்தார்கள்.

நான் பாடகர் குழு. கடைசியாகத்தான் வெளியே வந்தேன். எனக்கு மிஞ்சியது இரண்டு. இரண்டும் இடது கால். ஒன்று ஐந்தாம் நம்பர், ஒன்று ஒன்பதாம் நம்பர். பெரியதின் குதிகாலில் கம்பியைக் காயவைத்து 'ரா' என்று சூடு வேறு போட்டிருந்தது. அந்த 'ரா' ராஜாமணியா, ராபின்சனா, யார் கண்டது? இரண்டு இடது காலோடு நான் வீடு போய்ச் சேர்ந்ததை என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இப்போது தட்டியதை விட அன்றைக்குப் பலமாகத் தட்டினார்.

ஐயரும் அறிவிப்புக் கொடுத்துப் பார்த்தார். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது மாதிரி மூன்று ஞாயிறு வாசித்தார்: "செருப்பு மாறியவர்கள் மாற்றிக்கொள்ளவும்." முதலாம் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஒருவரும் அசையவில்லை.

ஒரு மாதம் கழித்துக் குழாயடியில் ஒரு அக்கா காலில் என் செருப்பு. பழுப்பு வார், நான் ஊக்குப் போட்டிருந்த அதே இடம்.

"எக்கா, இது என் செருப்புல்லா?"

"தெரியும்ட்டி."

"தெரிஞ்சுமா போட்டுட்டு நடக்கீக?"

"எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"கடிக்கலியாக்கா?"

"கடிக்கத்தான் செய்யுது. ஊரே கடிச்சுக்கிட்டுத்தான நடக்கு!"

நடுவர் அவர்களே, எதிரணி மூன்று பேர் அரை மணி நேரம் பேசியதை அந்த அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார். ஊரே கடிச்சுக்கிட்டுத்தான நடக்கு! வரதட்சணை வாங்குகிறோமே, ஏன்? எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். பெண்ணுக்கு நகை போடச் சொல்கிறோமே, ஏன்? கூட்டம் கத்தினால் இயேசுவை விட்டுவிட்டுக் கொலைகாரன் பரபாசைக் கூட விடுதலை பண்ணிவிடலாம், அண்ணாச்சி. கத்தினவர்களில் பாதிப் பேருக்கு ஏன் கத்துகிறோம் என்றே தெரிந்திருக்காது.

அண்ணாச்சி சரித்திரமும் பேசினார். நாம் ஊர் ஊராகச் சேர்ந்தவர்கள், முதலூரைப் பார் என்றார். முதலூர் என்றதும் உங்களுக்கு மஸ்கோத் அல்வா ஞாபகம் வந்திருக்கும், எனக்கும்தான். ஆனால் அந்த ஊர் ஏன் உண்டானது? விசுவாசத்துக்கு வந்ததால் சொந்த ஊரில் குடியிருக்க முடியாமல் போனவர்களுக்காக, 1799-இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. அவர்கள் ஊரோடு ஒத்துப் போயிருந்தால் முதலூர் ஏது? அல்வா ஏது?

அதற்கும் முன்னால் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள். பிராமணக் கைம்பெண். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரே முதலில் மறுத்தார். இந்தப் பக்கம் பிறந்த வீட்டுக் கூட்டமும் இல்லை, அந்தப் பக்கம் சபைக் கூட்டமும் இல்லை. 1778-இல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-ஆம் வருஷப் பதிவேட்டில் மொத்தச் சபையே 40 பேர். நாளைக்கு நம் முதல் பந்தி அதைவிடப் பெரியது. 1785-இல் பிரதிஷ்டையான அந்தக் கோயிலை இன்றைக்கும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதானே சொல்கிறோம்?

கடைசியாக அண்ணாச்சி ஒரு பழமொழி போட்டார். "ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்." அப்படி வேரோடு கெட்ட ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா.

ஒரு அலுவலகத்தில் கணக்கர். வராத உர மூட்டைகளை வந்ததாக எழுதிய ஒரு ரிஜிஸ்டர் மேஜை மேஜையாக வந்தது. பதினொரு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்பா பன்னிரண்டாவது. போடவில்லை. சண்டையும் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அடுத்த மாதம் மாற்றல் வந்தது. இரண்டு பஸ் மாறி, இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. அந்தப் பதினொரு பேரில் நாலு பேர் நம் சபைக்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை நீட்டும்போது அப்பா முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புதுப் பாவாடை இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கிறேன். கோபத்தில் கேட்டேன்: "எல்லாரும் போட்டாங்கல்லா, நீங்களும் போட்டா என்னப்பா?"

செருப்புக் கதையில் நீங்கள் சிரித்தீர்களே, அதே வார்த்தைதான். நான் கேட்டேன்.

அப்பா திட்டவில்லை. "போட்டுட்டு, ராத்திரி ஜெபத்துல உன் பக்கத்துல எப்படிம்மா முழங்கால் போடுவேன்?" என்றார்.

போன ஜூலையில் அப்பாவை அடக்கம் பண்ணினோம். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் கட்டிலடியில் அவர் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து தேய்ந்து காகிதமாய் இருந்தது. சூடு போட்டு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. எந்தக் கோயில் வாசலில் எந்த இருட்டில் கிடந்தாலும் அதை யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். அண்ணாச்சி, நாளைக்கு முதல் பந்தியில் உங்களுக்கும் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன். வந்துவிடுங்கள்.