குதிரில் தூங்காத விதை: எத்தியோப்பியாவின் காட்டுக் காபி

[காட்சி: மண் குதிர். ஒரு கை விதைநெல்லை அள்ளுகிறது.]

விதைநெல் தெரியும்ல? நல்லாக் காயவெச்சு, குதிர்ல கொட்டி மூடிட்டா அடுத்த பட்டம் வரைக்கும் கவலை இல்ல. நெல் ரகங்களைக் காப்பாத்துற விஞ்ஞானிகளும் கிட்டத்தட்ட அதையேதான் செய்றாங்க. ஈரத்தை இறக்கி, மைனஸ் 18 டிகிரியில வெச்சுடுறாங்க. பல வருஷம் கழிச்சு எடுத்தாலும் முளைக்கும்.

காபிகிட்ட இந்த வேலை நடக்காது.

[காட்சி: உள்ளங்கையில் நான்கைந்து காபிக் கொட்டைகள்.]

காபி விதையை நெல் மாதிரி சுக்காக் காயவெச்சா உயிர் போயிடும். ஈரத்தோட உறையவெச்சாலும் போயிடும். சும்மா மூட்டையில கட்டி வெச்சா சில மாசத்துலயே முளைப்பு மளமளன்னு இறங்கும். நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுல, மலையைக் குடைஞ்சு கட்டின உலக விதைப் பெட்டகம் இருக்கே, அந்த முறை காபிக்கு ஒத்து வராது. திரவ நைட்ரஜன்ல பாதுகாக்கிற வழி ஒண்ணு இருக்கு. ஆனா செலவும் பக்குவமும் அதிகம்.

அப்போ காபி ரகங்களை எங்கதான் வைக்கிறது? மரமாத்தான் நிக்க வைக்கணும். ஒண்ணு தோட்டத்துல, இல்லேன்னா காட்டுல.

[வரைபடம்: எத்தியோப்பியாவின் தென்மேற்கு. காஃபா, ஷேக்கா, யாயு ஒளிர்கின்றன.]

நாம ஃபில்டர்ல போடுற அராபிகா காபியோட பிறந்த வீடு இந்தப் பக்கம்தான். ஆயிரத்துலேருந்து இரண்டாயிரம் மீட்டர் உயரம், மழைக்காடு. எஸ்டேட்ல பார்க்கிற மாதிரி இடுப்பளவுல கவாத்து பண்ணின செடிய மனசுல வெச்சுக்காதீங்க. இங்க காபி, பெரிய மரங்களோட நிழல்ல வெளிச்சம் தேடி ஒல்லியா உயர்ந்து நிக்கும். காய் கொஞ்சம்தான் பிடிக்கும். மேல கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்கு தாவும். கிளையில குழல் மாதிரி தேன்கூடுகளைக் கட்டித் தொங்க விட்டிருப்பாங்க.

[அண்மைக் காட்சி: அடுத்தடுத்து இரண்டு காபிக் கொழுந்துகள்.]

இந்த ரெண்டு கொழுந்தைப் பாருங்க. ஒண்ணு செம்பு நிறம். பக்கத்துல இருக்கிறது இளம்பச்சை. கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் இவ்வளவுதான். தெரியாதது ஏராளம்: எது வறட்சி தாங்கும், எதுக்கு எந்த நோய் வராது, எதோட ருசி எப்படி. அதையெல்லாம் சேர்த்துத்தான் மரபணுப் பன்முகம்னு சொல்றோம்.

எத்தியோப்பியாவை விட்டு வெளியில போன காபிகிட்ட இது கிடையாது. அராபிகாவே ரொபஸ்டாவும் யூஜினாய்டிஸ்ங்கிற இன்னொரு இனமும் எப்பவோ கலந்து பிறந்தது. மத்த காபி இனங்களுக்கு 22 குரோமோசோம், இதுக்கு 44. பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே காய் பிடிக்கும், அதனால புது ரத்தம் சேர்றது குறைவு. அதுலயும் கொஞ்சம் விதைதான் ஏமன் போச்சு. பாபா புதான்ங்கிற சூஃபி ஞானி அங்கேருந்து ஏழே ஏழு விதையை ஒளிச்சு சிக்கமகளூர் கொண்டு வந்தார்னு ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கணக்கு அப்படித்தான் இருந்திருக்கும். டச்சுக்காரங்க ஜாவாவுல வளர்த்ததுல ஒரு செடி 1706-ல ஆம்ஸ்டர்டாம் போச்சு. அதோட வாரிசு ஒண்ணு 1714-ல பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயிக்குப் பரிசு. லத்தீன் அமெரிக்கத் தோட்டங்கள்ல பெரும் பகுதி இந்த மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய செடிகளோட பேரன் பேத்திதான்.

[காட்சி: இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுத் தூள்.]

இப்படி ஒரே குடும்பமா இருந்தா என்ன ஆகும்னு தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இலங்கை மலையகத்துக்கு நம்ம ஆளுங்க முதல்ல நடந்து போனது தேயிலைக்காக இல்ல, காபிக்காக. 1869-ல அங்க இலைத்துரு நோய் தெரிஞ்சுது. இருபது வருஷம் போல ஆகுறதுக்குள்ள காபித் தோட்டம் பெரும்பாலும் காலி. அதே மலையில தேயிலை ஏறுச்சு. ஈரமான சீதோஷ்ணம், மலை மலையா ஒரே பயிர், சரியான மருந்து இல்லாததுன்னு காரணம் பல. ஆனா அந்தத் தூளைத் தாக்குப்பிடிக்கிற செடி தோட்டத்துல இருந்திருந்தா கதை வேற.

அந்த வேற கதை எத்தியோப்பியாவுல நடந்துச்சு.

1971. பச்சைக் காய்லயே கறுப்பு விழுந்து அழுகுற பூஞ்சை நோய் எத்தியோப்பியாவுக்குள்ள வந்துடுச்சு. ஜிம்மா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க மருந்தை மட்டும் நம்பி உட்காரல. காட்டுக்கும் கிராமத்துக்கும் போய், சுத்தி எல்லா மரமும் கருகிக் கிடக்கையில எந்த மரத்துல காய் சுத்தமா இருக்குன்னு தேடினாங்க. தேறினதை விதையெடுத்து, சோதிச்சு, சில வருஷத்துலயே விவசாயிக்குக் கொடுத்தாங்க. ஸ்பெஷாலிட்டி காபி வாங்குறவங்க பாக்கெட்டுல 74110, 74112-ன்னு பார்த்திருப்பீங்க. அந்த 74, மரத்தைத் தேர்ந்தெடுத்த வருஷம். 1974.

இதுல ஒண்ணு கவனிங்க. அந்த நோய் வரும்னு யாரும் எதிர்பார்த்து அந்த மரத்தை வளர்க்கல. அது பாட்டுக்குக் காட்டுல நின்னுது.

2004-ல பிரேசில்ல, இயற்கையாவே கஃபீன் ரொம்பக் குறைஞ்ச மூணு செடிகளைக் கண்டுபிடிச்சாங்க. 1960-கள்ல எத்தியோப்பியாவுலேருந்து எடுத்துட்டுப் போன விதையோட வம்சம். அதுல யாருக்கு உரிமைன்னு சண்டை கிளம்புச்சு. 2006-ல எத்தியோப்பியா மரபு வளங்களுக்குத் தனிச் சட்டமே போட்டுச்சு. நியாயம்தான்னு எனக்குத் தோணுது.

[காட்சி: வரிசையாக நட்ட மரங்கள், ஒவ்வொன்றிலும் எண் தகடு.]

ஜிம்மா பக்கம் சோச்சேயிலயும், கோஸ்டாரிகாவுல துரியால்பாவுலயும் இப்படிச் சேகரிப்புத் தோட்டங்கள் இருக்கு. அவசியம்தான். ஆனா தோட்டத்து மரம் கிழடாகும், பட்டுப்போகும், பராமரிப்புக்கு வர்ற காசு நின்னுபோகும். இன்னொரு விஷயம், தோட்டத்துல இருக்கிறது சேகரிச்ச நாளோட நின்னுபோன காபி. காட்டுல நோயும் மாறிக்கிட்டே இருக்கு, அதுக்கு ஈடு கொடுத்து மரமும் மாறுது.

2010-ல காஃபாவும் யாயுவும், 2012-ல ஷேக்காவும் யுனெஸ்கோவோட உயிர்க்கோளக் காப்பகப் பட்டியல்ல சேர்ந்துச்சு, நம்ம நீலகிரி மாதிரி. நடுக்காடு தொடக் கூடாது, சுத்துக்காட்டுல ஊர்க்காரங்க காபியும் தேனும் எடுக்கலாம். பலகை நட்டா மட்டும் காடு நிக்காது. காபி விலை விழுந்தா மக்காச்சோளமோ, வாயில போட்டு மெல்லுற காத் இலையோ போடலாம்னு காட்டு ஓரத்து விவசாயிக்குத் தோணத்தான் செய்யும். இந்தக் காட்டுக் காபியோட மரபணு மதிப்பு 42 கோடியிலேருந்து சுமார் 146 கோடி டாலர் வரைன்னு 2006-ல ஒரு கணக்குப் போட்டாங்க. அந்தக் கணக்கு அவர் அடுப்புக்கு விறகாகாது. காட்டுக் காபின்னு தனி விலை கொடுத்து வாங்குற கூட்டுறவுதான் அவர் கைக்குக் காசு கொண்டு வருது.

விலை ஏறினாலும் சிக்கல் இருக்கு, அதுதான் வேடிக்கை. காய் நிறையப் பிடிக்கணும்னு நிழல் மரத்தைக் கழிப்பாங்க, புதரை வெட்டுவாங்க, இடைவெளியில தேர்ந்தெடுத்த நல்ல ரக நாற்றை நடுவாங்க. நோயிலேருந்து காபியைக் காப்பாத்தின, 74-ன்னு எண் தொடங்குற அதே வகைகளும் அதுல வரும். தேனீ அதோட மகரந்தத்தைக் காட்டு மரத்துக்குக் கொண்டுபோகும். பல தலைமுறை போனா, வெளியிலேருந்து பார்க்கக் காடு மாதிரியே இருக்கும், உள்ள இருக்கிற காபி மட்டும் ஒரே குடும்பமாயிடும்.

[அண்மைக் காட்சி: ஈரச் சருகு. மெல்லிய தண்டு; உச்சியில் விதை தொப்பி போல.]

விழுந்த பழம் ஒண்ணு முளைச்சிருக்கு. பருப்பை இன்னும் தலையில சுமந்துக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல தொப்பி கழண்டு ரெண்டு வட்ட இலை விரியும். அறுவடைக்கு முன்னாடி புதர் வெட்ட ஒருத்தர் கத்தியோட வருவார். அவர் குனிஞ்சு பார்க்கணும்.

[காட்சி கறுப்பாகிறது.]