கொசுவின் எச்சிலைப் பிடிப்பது எப்படி?

[திரையில்: நுண்ணோக்கியின் கீழ் ஒரு பெண் கொசு. கால்களும் இறக்கைகளும் இல்லை. உறிஞ்சுகுழல் ஒரு கண்ணாடிக் குழாயின் நுனிக்குள் இருக்கிறது.]

பார்க்கக் கொஞ்சம் கொடுமையாகத்தான் இருக்கிறது. கொசுவைக் குளிரவைத்து மயக்கி, இடுக்கியால் கால்களையும் இறக்கைகளையும் எடுத்துவிட்டார்கள். உறிஞ்சுகுழலை மட்டும் எண்ணெய் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் பொறுத்தால் எண்ணெய்க்குள் மிகச் சிறிய குமிழிகள் வந்து சேரும். அதுதான் கொசுவின் எச்சில். டெங்குவும் சிக்குன்குனியாவும் மஞ்சள் காய்ச்சலும் மனித உடலுக்குள் நுழைவது அந்தத் துளியில் ஏறித்தான்.

ஒரு கேள்வி. டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கடித்த கொசு நேராகப் பறந்து வந்து உங்களைக் கடிக்கிறது. உங்களுக்கு டெங்கு வருமா?

வரும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அந்தக் கடியால் வருவதற்கு வாய்ப்பு மிகமிகக் குறைவு.

[திரையில்: உறிஞ்சுகுழலின் வெட்டுத் தோற்றம்.]

காரணம் இந்தக் குழலிலேயே இருக்கிறது. வெளியே தெரிவது வெறும் உறை. உள்ளே ஊசி போன்ற ஆறு உறுப்புகள். சில தோலை அறுக்கின்றன. ஒன்றின் வழியாக ரத்தம் மேலே ஏறுகிறது. வேறொன்றின் வழியாக எச்சில் கீழே இறங்குகிறது. ஏறும் வழியும் இறங்கும் வழியும் தனித்தனி. குடித்த ரத்தத்தைக் கொசு அடுத்தவர் உடம்பில் துப்புவதில்லை. எச்.ஐ.வி. ஏன் கொசுவால் பரவுவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான். அந்த வைரஸால் கொசுவின் செல்களில் பெருக முடியாது. ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போய்விடும்.

டெங்கு வைரஸ் அப்படிச் செரித்துப் போகாமல் தப்பிக்கிறது. கொசுவின் குடலுக்குள் விழுந்ததும் குடல் சுவரின் செல்களில் நுழைந்து பெருகுகிறது. பிறகு அந்தச் சுவரைத் தாண்டி உடல் முழுக்கப் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிடிக்கிறது. இத்தனைக்கும் ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும். வெப்பம் கூடினால் நாள் குறையும். கொசுவோ, வெளியில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருந்தாலே பெரிது. அதாவது, வைரஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் வண்டியே உடைந்துவிடலாம். நோயைப் பரப்புவது கிழட்டுக் கொசுக்கள்தான்.

இந்த நாள் கணக்குப் பிடிபடாததால் ஒரு மனிதர் இருபது ஆண்டுகளை இழந்தார்.

[திரையில்: ஹவானா துறைமுகம், பழைய படம்.]

கார்லோஸ் ஃபின்லே, கியூபா மருத்துவர். மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று 1881-இல் ஹவானாவின் அறிவியல் கழகத்தில் சொன்னார். இன்று ஏடிஸ் எஜிப்தி என்று நாம் அழைக்கும், டெங்குவையும் பரப்பும் அதே கொசுவைச் சரியாகச் சுட்டிக்காட்டினார். யாரும் நம்பவில்லை. நம்பவைக்க அவரிடம் வலுவான சோதனையும் இல்லை. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாள்களிலேயே ஆரோக்கியமானவர் மீது கடிக்கவிட்டார். பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. கருத்து சரி, காத்திருந்த நாள் போதவில்லை.

விடையின் மறுபாதி அமெரிக்காவின் மிசிசிப்பியில் கிடைத்தது. ஹென்றி கார்ட்டர் என்ற மருத்துவர் 1898-இல் அங்கே வீடு வீடாகத் தேதிகளைக் குறித்தார். ஒரு வீட்டில் முதல் ஆள் படுத்த உடனே வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு நோய் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, சில சமயம் அந்த நோயாளி இறந்த பிறகு, அதே வீட்டுக்கு வந்தவர்களுக்கு வந்தது. கையில் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும் தேதிகளும் மட்டுமே. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த ஆய்வு இதுதான்.

1900-இல் வால்டர் ரீட் தலைமையில் ஹவானா வந்த அமெரிக்க ராணுவக் குழு இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. ஃபின்லே தன்னிடமிருந்த கொசு முட்டைகளையே அவர்களுக்குக் கொடுத்தார். குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் கரோல், 12 நாள் முன்பு ஒரு நோயாளியைக் கடித்திருந்த கொசுவைத் தன் கையில் கடிக்கவிட்டார். கடுமையாகக் காய்ச்சல் கண்டு பிழைத்தார். அதே குழுவின் ஜெஸ்ஸி லேசியர் பிழைக்கவில்லை. செப்டம்பர் 25 அன்று மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்.

பிறகு அவர் பெயரால் அமைந்த முகாமில் இரண்டு குடிசைகள் கட்டினார்கள். ஒன்றில் தன்னார்வலர்கள், நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த படுக்கைகளில் இருபது இரவுகள் படுத்தார்கள். நாற்றம் தாங்கவில்லை, நோய் வரவில்லை. இன்னொன்று சுத்தமான அறை, நடுவே கம்பிவலை. வலைக்கு ஒரு பக்கம் மட்டும் கொசு. கொசு இருந்த பக்கம் படுத்தவருக்குக் காய்ச்சல் வந்தது. வலைக்கு மறுபக்கம் அதே காற்றைச் சுவாசித்தவர்களுக்கு வரவில்லை. மறு ஆண்டே, நோய்க்கிருமி பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகிறது என்று கரோல் காட்டினார். மனிதனுக்கு நோய் தரும் வைரஸ் ஒன்று முதன்முதலாகப் பிடிபட்டது அப்படித்தான்.

[திரையில்: இன்றைய கொசு ஆய்வுக்கூடம். இரட்டைக் கதவு.]

இன்று தன்னார்வலர் கை தேவையில்லை. வைரஸ் கலந்த ரத்தத்தை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, வாயில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டி, 37 டிகிரிக்குச் சூடாக்கிக் கூண்டின் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். கொசுக்கள் அதைத் தோல் என்று நினைத்துக் குத்துகின்றன. வயிறு சிவந்து உப்பியவற்றை மட்டும் பொறுக்கி, சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து வளர்க்கிறார்கள். குறிப்பிட்ட நாள் வந்ததும் அந்தக் கண்ணாடிக் குழாய்.

இப்போது கால்களை ஏன் எடுத்தார்கள் என்று புரியும். உடல், கால், எச்சில் மூன்றையும் தனித்தனியே சோதிப்பார்கள். உடலில் மட்டும் வைரஸ் இருந்தால் அது குடலிலேயே நின்றுவிட்டது. காலிலும் இருந்தால் குடல் சுவரைத் தாண்டிவிட்டது. எச்சிலில் இருந்தால்தான் அந்தக் கொசுவால் ஆபத்து. மூன்று சிறு குப்பிகளில் மொத்தப் பயணமும் பதிவாகிவிடுகிறது.

வெளியில் திரியும் கொசுக்களிடமும் எச்சில் வாங்க ஒரு வழி உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பொறிக்குள் தேன் தடவிய அட்டையை வைத்தார்கள். கரியமில வாயுவின் இழுப்பில் வந்து சிக்கும் கொசு தேனைக் குடிக்கும்போதே அட்டையில் துப்புகிறது. அட்டையில் உள்ள வேதிப்பொருள் வைரஸைக் கொன்று, அதன் மரபணுவை மட்டும் காப்பாற்றி வைக்கிறது. தேனில் நீலச் சாயம் கலந்திருப்பதால் எந்தக் கொசு குடித்தது என்பது வயிற்றைப் பார்த்தாலே தெரியும்.

குடல் சுவர் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிக்குன்குனியா காட்டியது. 2005-06-இல் இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை அது படுக்க வைத்தது. அங்கே அதிகம் இருந்தது ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது ஆசியப் புலிக்கொசு. வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226-ஆவது இடத்தில் அலனைன் இருந்த இடத்தில் வேலைன் வந்து உட்கார்ந்திருந்தது. மாறியது ஒரே ஒரு அமினோ அமிலம். அது போதும், புலிக்கொசுவின் குடல் கதவு அகலத் திறந்துவிட்டது.

தடுப்பூசிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காய்ச்சலுக்கு மாக்ஸ் தைலர் 1930-களில் உருவாக்கிய 17டி தடுப்பூசி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். டெங்கு அப்படி வசப்படவில்லை. அதில் நான்கு வகை. ஒரு வகைக்கு எதிராக உடல் கற்ற பாடம், இன்னொரு வகை வரும்போது சிலருக்கு நோயை மோசமாக்கிவிடுகிறது. இதற்கு முன் டெங்கு வராதவர்களுக்கு முதல் டெங்கு தடுப்பூசியே அந்த ஆபத்தைத் தரக்கூடும் என்று 2017-இல் தெரியவந்தது.

எனவே சிலர் மனிதனை விட்டுவிட்டுக் கொசுவுக்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள்.

[திரையில்: பழ ஈ. பிறகு கொசு முட்டையில் நுழையும் நுண்ணிய ஊசி.]

ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓநீல் கணக்குப் போட்டது அந்த 8 முதல் 12 நாளை வைத்துத்தான். கொசுவின் ஆயுளைப் பாதியாகக் குறைத்துவிட்டால் வைரஸ் எச்சிலுக்கு வந்து சேரவே நேரம் இருக்காது அல்லவா? வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவில் ஒரு வகை, பழ ஈக்களை இளமையிலேயே சாகடிக்கும். ஏடிஸ் எஜிப்தியில் இயற்கையாக அது கிடையாது. முட்டைக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான முட்டைகள், பல ஆண்டுகள். கடைசியில் பாக்டீரியா கொசுவில் தங்கியது, ஆயுளும் பாதியானது. ஆனால் அந்த நோஞ்சான் கொசுக்களால் வெளியில் போட்டியிட்டு நிலைக்க முடியவில்லை.

திட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: வோல்பாக்கியா இருக்கும் கொசுவில் டெங்கு வைரஸே சரியாகப் பெருகவில்லை. அப்படியானால் கொசு எதற்காகச் சீக்கிரம் சாக வேண்டும்? ஆயுளை அதிகம் குறைக்காத இன்னொரு வகையை எடுத்துக்கொண்டார்கள். அது தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். அது உள்ள ஆணோடு அது இல்லாத பெண் சேர்ந்தால் முட்டை பொரிக்காது. இதனால் தலைமுறைக்குத் தலைமுறை பாக்டீரியா உள்ள கொசுக்களே கூடும். 2011-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரையொட்டிய பகுதிகளில் விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கலில் தேர்ந்த 12-இல் விட்டுச் செய்த சோதனையில் டெங்கு 77 சதவீதமும், மருத்துவமனையில் சேர்பவர்கள் 86 சதவீதமும் குறைந்தார்கள். அந்த முடிவு 2021-இல் வெளியானது.

கடும் வெயிலில் இந்தப் பாக்டீரியா கொசுவுக்குள் குறைந்துபோகிறது. அதனால் மலேசியாவில் வெப்பம் தாங்கும் வேறு வகையைப் பயன்படுத்துகிறார்கள். வைரஸ் ஒருநாள் இதையும் சுற்றிக்கொண்டு வருமோ என்ற கேள்வியும் இருக்கிறது. கெய்ர்ன்ஸ் பக்கம் விட்டு ஓராண்டு கழித்து, அங்கேயே பிறந்து வளர்ந்த கொசுக்களைப் பிடித்து வந்து டெங்கு வைரஸ் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் உடலிலும் வைரஸ் சரியாகப் பெருகவில்லை.